குறி தப்பல, ஆனா மார்க் பூஜ்யம்! (குட்டி த்ரெட்)

1/ ஒலிம்பிக்ல துப்பாக்கி சுடுதல் பார்த்திருப்பீங்க. வீரர் சுட்ட அடுத்த நொடியே திரையில 10.3, 9.8னு மார்க் வந்துடும். 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் நடு வட்டத்தோட அகலமே 10.4 மில்லிமீட்டர்தான். குண்டு எங்க பட்டதுன்னு அவ்ளோ துல்லியமா எப்படிச் சொல்றாங்க?

2/ ஆரம்பத்துல எல்லாமே மனுஷக் கண்ணுதான். 1860-ல் இங்கிலாந்தின் விம்பிள்டன்ல பெரிய ரைஃபிள் போட்டிகள் தொடங்கின காலத்துல, இலக்கு ஒரு இரும்புத் தகடு. பக்கத்துல ஒருத்தர் மறைவா இருந்து, குண்டு பட்ட தடத்தைப் பார்த்துக் கொடி காட்டுவார்.

3/ அப்புறம் காகித அட்டை வந்துச்சு. ஓட்டை கோட்டைத் தொட்டுச்சா இல்லையான்னு சந்தேகமா? ஓட்டைக்குள்ள ஒரு அளவுகோலைச் செருகி, லென்ஸ் வெச்சுப் பார்ப்பாங்க. தொட்டிருந்தா கூடுதல் மார்க்.

4/ 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக். அமெரிக்காவின் லானி பாஷம், மார்கரெட் மர்டாக் ரெண்டு பேருமே 1200-க்கு 1162. அட்டைகளை ஆராய்ஞ்ச பிறகு தங்கம் பாஷமுக்குப் போச்சு. அவரோ மேடையில் மர்டாக்கையும் முதல் படிக்கு ஏத்தி, தன்னோட நிக்க வெச்சார்! ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதல்ல பதக்கம் வாங்கின முதல் பெண் அவங்கதான்.

5/ இப்போ இருக்கிறது எலக்ட்ரானிக் இலக்கு. அதுல ஒரு வகை, காதால "பார்க்கும்". குண்டு இலக்கைத் துளைக்கும்போது வர்ற சத்தம், சுத்தி இருக்கிற மைக்குகளுக்கு ஒரே நேரத்துல போய்ச் சேராது. கிட்ட இருக்கிற மைக்குக்கு முதல்ல, தள்ளி இருக்கிறதுக்கு அப்புறம். அந்தக் கால வித்தியாசத்தை வெச்சு, குண்டு போன இடத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுடும்.

6/ சரி, இனிமே பிரச்சினையே இல்லையா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் போவோம். 50 மீட்டர் ரைஃபிள் இறுதிப் போட்டி. மேத்யூ எம்மன்ஸ் 3 புள்ளி முன்னிலை. பாக்கி ஒரே ஒரு குண்டு. சுட்டார். அவர் திரையில மார்க் வரல! மெஷின் கோளாறுன்னு நினைச்சு அதிகாரிகளைக் கூப்பிட்டார்.

7/ கோளாறு இல்லைங்க. 2-வது தடத்துல நின்னவர், 3-வது தடத்து இலக்கைச் சுட்டிருந்தார். அங்க பதிவான மார்க் 8.1. சொந்த இலக்குல பட்டிருந்தா தங்கம். விதிப்படி பூஜ்யம், 8-வது இடம். தங்கம் சீனாவின் ஜியா ஜான்போவுக்கு.

8/ கருவி கொஞ்சமும் தப்பு பண்ணல. குண்டு எங்க பட்டதுன்னு கரெக்டா சொல்லுச்சு. யார் சுட்டதுன்னு அதுக்குத் தெரியாது, அவ்ளோதான்.

9/ டாக்டரா இதைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வர்றது ரத்தப் பரிசோதனை. லேப் மெஷின் எவ்ளோ துல்லியமா இருந்தாலும், ட்யூப்ல இருக்கிறது யாரோட ரத்தம்னு அதுக்குத் தெரியாது. ஒட்டின பேரை அப்படியே நம்பும். பக்கத்து பெட்காரர் பேரு ஒட்டியிருந்தா, ரிப்போர்ட் சரி, வைத்தியம் தப்பு. ரத்தம் ஏத்தற விஷயத்துல இது உயிருக்கே ஆபத்து.

10/ அதனால ரத்தம் எடுக்கும்போது உங்க பேரு, வயசை நீங்களே வாய் திறந்து சொல்லுங்க. ட்யூப்ல எழுதியிருக்கிற பேரையும் ஒருமுறை பாருங்க. தப்பா இருந்தா தயங்காம சொல்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டோம்.