மறதியும் மனச்சோர்வும்

மாத்திரை வேளையை நினைவூட்டவும், செய்ய வேண்டியதைக் குறித்து வைக்கவும் இப்போது கைபேசிச் செயலிகள் வந்துவிட்டன. மனச்சோர்வினால் மறதி வந்தவர்களுக்கு இவை நல்ல துணை. ஆனால் "போனைப் பார்த்துத்தான் எல்லாம் செய்ய வேண்டியிருக்கிறதே" என்று என் வயதினர் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் எதற்கு? நினைவை வெளியே எடுத்து வைப்பது பழைய பழக்கம்தான்.

எங்கள் முசரவாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காஞ்சிபுரத்தையே பாருங்கள். முன்பு பட்டுச்சேலையின் பூவேலையைத் தறியிலேயே 'அடை' நூல்களில் கட்டி வைத்தார்கள். பிறகு ஜக்கார்டு வந்தது. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய கருவி அது. எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை அட்டையின் துளைகள் சொல்லும். முழு டிசைனையும் நெசவாளி மனத்தில் சுமக்க வேண்டியதில்லை. அதற்காக அவரை யாரும் மறதிக்காரர் என்பதில்லை. குமாஸ்தாவான எனக்குத் தன்பதிவேடும் நினைவூட்டல் கடிதமும் அந்த வேலையைத்தான் செய்தன.

மறதியை ஆராய்ந்த வரலாறும் நீளமானது. 1881-ல் தியோதுல் ரிபோ பிரெஞ்சில் நினைவின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை கடைசிவரை நிற்கும் என்றார். ஆனால் எல்லா மறதியும் மூளைத் தேய்வினால் வருவதல்ல. லெஸ்லி கைலோ என்ற மனநல மருத்துவர் 1961-ல் 'போலி மறதிநோய்' பற்றி எழுதினார். பார்க்க டிமென்ஷியா போலவே இருக்கும். உள்ளே இருப்பது மனச்சோர்வு. சிகிச்சை கொடுத்தால் நினைவும் தேறக்கூடும்.

1986-ல் இங்கிலாந்தில் மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பென்ட்டும் இன்னொன்றைக் கண்டார்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டி நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்டார்கள். குறிப்பிட்ட ஒரு நாளைச் சொல்ல அவர்கள் திணறினார்கள், பொதுவாகவே பேசினார்கள். வாழ்ந்த நல்ல நாள்கூடக் கைக்கு எட்டுவதில்லை. இதுதான் மனச்சோர்வின் கொடுமை.

இதற்கும் ஒரு வழி தேடினார்கள். கேம்பிரிட்ஜில் டிம் டால்கிளீஷ் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பண்டைய ரோமானியப் பேச்சாளர்களின் உத்தியைக் கையாண்டார்கள். பழகிய வீதி ஒன்றின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நல்ல நினைவை மனத்தால் வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து முன்னறிவிப்பின்றிக் கேட்டபோது, வெறுமனே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தவர்களைவிட இவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது.

ஆகவே கைபேசியில் மாத்திரைக்கு அலாரம் வைப்பதோடு நிறுத்தாதீர்கள். பேரனோடு எடுத்த படத்தின் கீழே எந்த நாள், எந்த இடம், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

செயலி மருத்துவராகிவிடாது. வீட்டில் பெரியவர் ஒருவர் மறக்கத் தொடங்கினால், முகமும் வாடியிருந்தால், "வயதாகிவிட்டது" என்று எழுதிக் கோப்பை மூடிவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மனஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.