ஆண் பிள்ளை தங்காத வீடு: ஒரு பிறவிக் குறைபாட்டின் வரலாறு

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவிலுள்ள பெருமாட்டி என் தாய்வழி ஊர். கேரளத்தில் இருந்தாலும் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். சிறு வயதில் விடுமுறைக்குப் போகும்போது அமுச்சி ஒரு வீட்டைக் காட்டி, "அந்த ஊட்டுல ஆம்பளப் பசங்க தங்கறதில்ல கண்ணு" என்பார். பெண் குழந்தைகள் நன்றாக வளர்ந்தார்கள். ஆண் குழந்தைகளோ ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்துவிட்டு, பிறகு காதில் சீழ், சளி, காய்ச்சல் என்று மாறி மாறி வந்து போய்ச் சேர்ந்தன. நாக தோஷம் என்று பரிகாரம் செய்தார்கள். மருமகளின் தங்கைக்கும் வேறு ஊரில் அப்படியே ஓர் ஆண் குழந்தை தவறியதும், "பொறந்த ஊட்டுச் சாபம்" என்று பழி முழுவதும் அந்தப் பெண்கள் மேல் விழுந்தது.

அந்தக் குழந்தைகளுக்கு என்ன நோய் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஊரார் சாபம் என்று சொன்ன அதே வரிசையை மருத்துவம் வேறு விதமாகப் படிக்கிறது.

1952இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்குக் கடுமையான நோய்த்தொற்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. ரத்தத்திலுள்ள புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் முறையை ஸ்வீடனின் ஆர்னே டிசேலியஸ் 1930களில் உருவாக்கியிருந்தார். அம்முறையில் சோதித்தபோது, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காமா குளோபுலின் அவன் ரத்தத்தில் காணப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்காக எட்வின் கோன் பிளாஸ்மாவைப் பகுதிகளாகப் பிரிக்கும் வழியைக் கண்டிருந்தார். அவ்வழியில் கிடைத்த காமா குளோபுலினை மாதந்தோறும் ஊசி மூலம் கொடுத்ததும் சிறுவன் தேறினான்.

காரணமான மரபணு 1993இல் கண்டறியப்பட்டு, புரூட்டன் பெயராலேயே வழங்குகிறது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். ஆணுக்கு ஒன்றே. ஆகவே பழுதைச் சுமக்கும் தாய்க்கு எந்தத் தொந்தரவும் இராது. அவளுடைய ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்கா தங்கை இருவர் வீட்டிலும் ஒரே துயரம் நேர்வது இதனால்தான். குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

இனி அந்த ஆறு மாதக் கணக்கு. கர்ப்பத்தில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சேர்கின்றன. சில மாதங்களில் அவை கரைந்த பிறகே குறை வெளிப்படும். ஊர் யாரைப் பழித்ததோ, அந்தத் தாய்தான் பிள்ளையை அதுவரை காத்திருக்கிறாள்!

இன்றைய சிகிச்சையும் அவள் செய்ததையே தொடர்கிறது. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலினை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிறார்கள். வாரந்தோறும் தோலுக்கடியில் செலுத்துவதும் உண்டு. கடன் வாங்கிய பொருள் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். எனவே ஆயுள் முழுதும் நிறுத்தக்கூடாது. "இப்பத்தான் நல்லா இருக்கானே" என்று விட்டுவிட்டால் பழைய கதைதான்.

இக்குறைபாடுகளில் நூற்றுக்கணக்கான வகைகள் உள்ளன. எய்ட்ஸ் போல ஒட்டிக்கொள்வன அல்ல, பிறவியிலேயே வருபவை. சில வகைகள் தாய், தந்தை இருவர் வழியும் வந்தால்தான் தோன்றும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டும் நம்மிடையே இதை மறக்கலாகாது. மிகக் கடுமையான வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று வேண்டும். 1968இல் அமெரிக்காவில் ராபர்ட் குட் குழுவினர் சகோதரியின் மஜ்ஜையைக் கொண்டு ஓர் ஆண் குழந்தையைப் பிழைக்க வைத்தார்கள். இந்தியாவில் இத்துறைக்கென ஒரு சங்கம் 2011இல் தொடங்கியது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையிலும் இக்குறைபாடுகள் இடம்பெற்றன. கேரளத்தில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை அக்கொள்கையின்கீழ் சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

இதை ஏன் சங்க மலரில் எழுதுகிறேன்? நம் நாட்டில் பிறந்தவுடனே பி.சி.ஜி. ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் தருகிறார்கள். மற்றக் குழந்தைகளைக் காக்கும் இந்த உயிருள்ள தடுப்பு மருந்துகள், கடுமையான எதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைக்கு ஆபத்தாகலாம். முன்னே பிறந்த பிள்ளையோ, தாய்மாமனோ சிறு வயதில் நோய்த்தொற்றால் தவறியிருந்தால், பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் நாம் தொகுக்கும் வம்சாவளிகளில் வாழ்ந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். தவறிய குழந்தைகளுக்கு ஒரு வரிகூட இல்லை. பெண் வழியையோ எழுதுவதே இல்லை. ஊரைவிட்டு வந்த நமக்கு, காட்டிச் சொல்ல அமுச்சியும் அருகில் இல்லை.

ஊருக்குப் போகும் அன்பர்கள் பெரியவர்களிடம் கேட்டு, அந்தப் பிள்ளைகளையும் எழுதி வையுங்கள். எத்தனை மாதத்தில், என்ன காய்ச்சலில், யார் வயிற்றுப் பிள்ளை என்று. இனிப் பிறக்கும் ஒரு குழந்தைக்கு அந்த வரி உதவும்.