மன்றாடு

விபத்துச் செய்திகளில் “உயிருக்கு மன்றாடினார்” என்று இப்போது எழுதுகிறார்கள். போராடினார் என்பதே அங்கு பொருள். மன்றாட, கேட்பவர் ஒருவர் எதிரில் இருக்க வேண்டும்.

மன்று என்றால் ஊரவை, வழக்குத் தீர்க்கும் இடம். அங்கே நின்று தன் பக்கத்தை எடுத்துரைப்பதே மன்றாடுதல்; வழக்காடுதல் என்பது அதன் பழைய பொருள். கெஞ்சுதல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கத்தோலிக்கர் இதை வழிபாட்டில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்: மன்றாட்டு மாலை, விசுவாசிகளின் மன்றாட்டு. சீர்திருத்தச் சபைகளில் ஓங்கியது ஜெபம். வடமொழியில் ‘ஜப’ என்பது முணுமுணுத்துத் திரும்பத் திரும்பச் சொல்வது. ஆனால் மலைப்பிரசங்கத்தில் இயேசு விலக்கச் சொன்னது, பொருளற்றுச் சொற்களை அடுக்குவதைத்தான். அந்தப் பழைய நிழல் இன்று ஜெபத்தில் இல்லை என்பது உண்மையே.

யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரம் நீதிமானின் வேண்டுதலுக்கு வலிமை உண்டு என்கிறது. சான்று, மழைக்காக வேண்டிய எலியா. அங்குள்ள கிரேக்கச் சொல் ‘தெயேசிஸ்’, இல்லாமையை உணர்ந்து கேட்பது. மன்றாட்டு அதற்கு வெகு அருகில் நிற்கிறது.

நீதிமான் என்றதும் இன்று நீதிபதி நினைவுக்கு வருகிறார். நீதிக்கு மூலமான ‘நீ’ என்ற வடமொழி வேரின் பொருள் நடத்திச் செல்வது. நீதிநூல் என்பதில் இன்னும் ஒழுக்கமே பேசுகிறது. யாக்கோபு சொல்லும் நீதிமானும் நேர்மையாக நடப்பவர்தான். அதே அதிகாரம், கூலியைப் பிடித்துவைத்த நிலக்காரர்களுக்கு எதிராக அறுவடையாளரின் கூக்குரல் கடவுளின் செவியை எட்டியதாகவும் சொல்கிறது. அதுவும் மன்றாட்டே.