ஏற்காடு: ஒரு மலையில் ஈரூர்கள்

சேலம் நகரிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் வருவது ஏற்காடு. ஏரியும் காடும் இணைந்து 'ஏரிக்காடு' என நின்ற பெயரே 'ஏற்காடு' என மருவிற்று என்பர். சேர்வராயன் மலைத்தொடரில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஏரியைச் சூழ்ந்து அமைந்துள்ளது இக்குடியிருப்பு. இதன் வரலாற்றை ஆராய்வோர்க்கு இங்கே ஈரூர்கள் புலப்படும். ஒன்று ஏட்டில் பதிந்த ஊர். மற்றொன்று நாவில் வாழும் ஊர்.

நாவில் வாழும் ஊரே மூத்தது. அது மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்களுடையது. பெயரொற்றுமை கருதி இவர்களைக் கேரளத்தாரெனக் கொள்ளுதல் பிழை. இவர்கள் பேச்சு தமிழே. காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவருள் பெரியண்ணன் சேர்வராயன் மலையையும், நடுவண்ணன் பச்சைமலையையும், சின்னண்ணன் கொல்லிமலையையும் அடைந்தனர் என்பது இவர்தம் மரபுக்கதை. மலையுச்சியின் குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கின்றனர். சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த இம்மக்கள் தம் வரலாற்றைக் கதையாகவும் வழிபாடாகவும் காத்து வந்தனர்.

ஏட்டில் பதிந்த ஊர் காப்பியோடு தோன்றியது. 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியையும் பேரி முதலிய கனிமரங்களையும் பயிரிடச் செய்தார். அவர் தொடர்புடைய கிரேஞ்சு தோட்டம் இங்குள்ள பழைய தோட்டங்களுள் ஒன்று. காடுகள் தோட்டங்களாயின, தோட்டங்களை ஒட்டிப் பங்களாக்கள் எழுந்தன. 1853இல் தூய திரித்துவ ஆலயம் கட்டப்பெற்றது. 1917இல் மான்ட்போர்ட் பள்ளி தொடங்கப்பெற்றது. வெள்ளையர் கோடைக்கு ஒதுங்கிய இடம், இவ்வாறு நிலைத்த குடியிருப்பாயிற்று.

அங்கு வாழ்ந்தோருள் இருவர் தமிழுலகம் மறத்தற்கரியர். ஒருவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். சென்னையில் 'தினவர்த்தமானி' இதழை நடத்தியவர். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1874இல் வெளியிட்டார். 1882இல் ஏற்காட்டில் அவர் மறைந்தார்.

மற்றவர் அவருடைய மருமகனார் இராபர்ட் புரூஸ் பூட். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்து, தமிழகத்து மாந்தரின் தொன்மைக்குச் சான்று தந்த நிலவியல் அறிஞர். சேர்வராயன் மலையிலும் வழவழப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கருவிகளைச் சேகரித்தார். அவர் திரட்டிய தொல்பொருள்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய சாம்பல் ஏற்காட்டுத் திரித்துவ ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றது.

மாமனார் சொல்லைச் சேர்த்தார். மருமகனார் கல்லைச் சேர்த்தார். சிதறிக் கிடப்பவற்றைத் திரட்டி அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதே இருவர் பணியும். ஆயினும் அவர்கள் பெயர்கள் கல்லிலும் நூலிலும் நிற்க, அவர்களுக்கு முன்பே அம்மலையில் வாழ்ந்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை வரைபடம் காட்டும். ஒரு பாறைக்கும் சுனைக்கும் மலைமக்கள் வழங்கும் பெயரை முதியோரே அறிவர். முதியவர் ஒருவர் மறையும்போது அப்பெயர்களும் உடன் மறைகின்றன.

இன்று ஏற்காட்டை நாடி வருவோர் பலர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர, கோடை மழைக்குப்பின் காப்பிச்செடிகள் வெண்மலர் சூடும் காட்சி கவிஞர் நெஞ்சைக் கவர்வது இயல்பே. அக்காட்சியைப் பாடுவதோடு அமையாது, அம்மலையின் சொற்களையும் பாடல்களையும் பழமொழிகளையும் கேட்டு எழுதி வைப்பது தமிழறிந்தார் கடன். பெர்சிவல் தொடங்கிய தொகுப்புப்பணி, அவர் கண்மூடிய மலையிலேயே தொடரட்டும். அப்போதுதான் நாவில் வாழும் ஊரும் ஏட்டில் இடம்பெறும்.