பழந்தூணும் புதுமுற்றமும்

எங்கள் ஊராகிய அக்கரைப்பற்றிலே ஒரு பெண்ணுக்குத் திருமணம் பேசத் தொடங்கினால், முதலில் எழும் வினா மணமகனின் உத்தியோகத்தைப் பற்றியதன்று. பெண்ணுக்கு வீடு எங்கே என்பதுதான். கிழக்குக் கரையில் வாழும் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்வது நெடுங்கால வழக்கு. மணமகன் மணமகளின் வீட்டில் வந்து குடியேறுவான். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அருகிலேயே மற்றொரு வீடு கட்டி, எஞ்சிய பிள்ளைகளோடு அங்கே ஒதுங்குவர். அமெரிக்க மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969ஆம் ஆண்டில் எங்கள் ஊருக்கு வந்து தங்கி, இவ்வழக்கத்தை நுணுகி ஆராய்ந்து, 2008இல் பெருநூலொன்றும் வெளியிட்டிருக்கிறார்.

பெண்ணுக்குக் காப்பாக அமைந்த நல்ல வழக்கம் இது. இதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் இதற்குரிய விலையை நெடுங்காலமாகச் செலுத்தி வருவது முற்றம். ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நான்காகி, இன்று மதிலுக்கும் சுவருக்கும் இடையே ஓராள் நடக்கும் சந்தே எஞ்சியிருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் பலவுண்டு. வீட்டுத் தோட்டம் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டபோது, இந்தச் சந்துதான் என் நினைவுக்கு முதலில் வந்தது.

நான் சிறுவனாக ஓடித் திரிந்த வளவு வேறு. என் தாயாரைப் பெற்றவரை நாங்கள் மூத்தம்மா என்றே அழைப்போம். அவருடைய வளவைச் சுற்றிலும் கிடுகு வேலி. கடப்பைத் தாண்டியவுடன் வெண்மணல் முற்றம். விடியற்காலையில் கூட்டிய ஈர்க்கின் தடம் அலை அலையாக அதிற் பதிந்திருக்கும். கிணற்றடியில் வாழை, குசினிப் புறத்தே முருங்கையும் கறிவேப்பிலையும், வேலியோரம் மருதோன்றியும் மாதுளையும். தேய்ந்துபோன அம்மி, கிணற்றடியிலே துணி தோய்க்கும் கல்லாயிற்று. வாயுடைந்த சாடி கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க உதவிற்று. கடலோடிக் கழிந்த தோணியின் பலகையொன்று வேம்பின் கீழ் இருக்கையாகக் கிடந்தது. அந்த இடத்தை எவரும் தோட்டம் என்று சொன்னதில்லை. அமைப்பதற்கு எவரும் படம் வரைந்ததுமில்லை. எதையும் வீசிவிடாத ஒரு மூதாட்டியின் கை அதனை அமைத்தது.

அண்மையில் என் சொந்த வீட்டிலும் இவ்வினா எழுந்தது. வழக்கப்படி நான் என் மனைவியின் வளவிற் குடியிருப்பவன். மனைவியின் தாயார் காலத்துப் பழைய வீட்டை இடித்து மகளுக்குப் புதுவீடு கட்டுவது என்று முடிவாயிற்று. முதிரை மரத்தாலான நான்கு தூண்கள், இரட்டைக் கதவு ஒன்று, சில நூறு நாட்டோடுகள், ஓர் ஆட்டுக்கல், ஓர் உரல்; இவையே இடிபாட்டிலிருந்து மிஞ்சக் கூடியவை. செய்தி எப்படித்தான் பரவிற்றோ, இரண்டாம் நாளே ஒரு வியாபாரி வந்து நின்றார். "சேர், இந்தக் கதவுக்குக் கொழும்பிலே நல்ல கிராக்கி. தூணையும் சேர்த்துத் தாருங்கள்" என்றார். பழைய கதவைக் கொழும்பில் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "தோட்டத்தில் வைப்பதற்குச் சேர்" என்பது விடை.

எங்களூர்க் கதவு கொழும்புத் தோட்டமொன்றுக்குப் போவதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை விளங்கிக்கொள்ள நாம் பெந்தோட்டைக்குச் செல்ல வேண்டும்.

1948ஆம் ஆண்டில், ஜெப்ரி பாவா என்னும் இளம் சட்டத்தரணி, பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையிலே கைவிடப்பட்ட றப்பர்த் தோட்டமொன்றை விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 29. ஒல்லாந்தர் காலத்தில் அது கறுவாத் தோட்டம். ஆங்கிலேயர் காலத்தில் றப்பர். பரப்பு சுமார் 25 ஏக்கர். லுணுகங்கை என்று அதற்குப் பெயர். உப்பாறு என்பது பொருள். பாவாவின் தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம் சட்டத்தரணி; பாட்டியார் ஆங்கிலப் பெண்மணி; தாய்வழியோ பறங்கியர் மரபு. பல குருதி கலந்த ஒருவர் பல நாட்டுப் பாணிகளைக் கலந்து தோட்டம் அமைத்ததில் வியப்பில்லை போலும்.

இத்தாலி நாட்டுத் தோட்டங்களைக் கண்டு மயங்கியவர் அவர். அத்தகைய தோட்டமொன்றை இலங்கை மண்ணிலே உண்டாக்க வேண்டும் என்பதே அவரது தொடக்க ஆசை. அவ்வாசையே அவருடைய வாழ்வைத் திருப்பிற்று. தோட்டம் அமைப்பதற்குத் தம் அறிவு போதாது என்று கண்டு, இலண்டனுக்குச் சென்று கட்டடக்கலை பயின்று, 1957இல், 38ஆம் வயதில், தேர்ச்சி பெற்றார். பிற்காலத்தில் கோட்டேயின் நாடாளுமன்றக் கட்டடத்தை அமைத்தவர் இவரே. எனினும், 2003இல் மறையும்வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், இத்தோட்டத்தைத் திருத்திக்கொண்டேயிருந்தார்.

அவர் செய்தவற்றுள் இரண்டை மட்டும் சொல்வேன். வீட்டின் தென்புறத்து மேடையில் நின்றால், எதிரே கறுவாக் குன்று, அதற்கப்பால் ஏரி, ஏரிக்கும் அப்பால் தொலைவிலே ஒரு பௌத்த தாதுகோபம் வெண்மையாகத் தெரியும். வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஊர்ப்பாதை ஒன்று ஓடுகிறது. அதைப் பள்ளத்தில் மறைத்துவிட்டார். நின்று நோக்குபவருக்குப் புல்வெளி தொடர்ந்து செல்வதாகவே தோன்றும். ஆங்கிலேயர் தம் நாட்டில் ஆடுமாடுகளைத் தடுக்கக் கையாண்ட உத்தி அது. பின்னர்க் குன்றின்மேல் ஒரு மரத்தடியிலே பெரிய சீனச் சாடியொன்றை வைத்தார். வீட்டிலிருந்து நோக்குபவரின் கண் அச்சாடியில் ஒரு கணம் தங்கி, அங்கிருந்து தாதுகோபத்துக்குத் தாவும். ஒரே ஒரு சாடி! அது ஏரியையும் கோவிலையும் வீட்டு முற்றத்துக்குள் இழுத்து வந்துவிடுகிறது. மூத்தம்மாவின் வளவில் கோழி தண்ணீர் குடித்ததும் அதே இனத்துச் சாடிதான் என்று எனக்கு ஒரு சபலம்.

இரண்டாவது, ஈழத்தலரி மரங்கள். கிளைகள் மேல்நோக்கி வளராமல் பக்கவாட்டில் படர வேண்டும் என்பதற்காக அவற்றில் பாரங்களைக் கட்டித் தொங்கவிட்டார். ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து மரத்துக்கு வடிவம் கொடுத்தார். பணம் கொடுத்து வாங்கக் கூடிய அழகன்று அது.

இவருக்கு முன்னோடி இவருடைய தமையனார். பெவிஸ் பாவா, பேருவளைக்கு அருகே, 1929ஆம் ஆண்டளவில் தம் தோட்டத்தைத் தொடங்கினார். தந்தையார் வழக்கொன்றில் பெற்ற ஊதியத்தால் வாங்கிய நிலமாதலால், அதற்குப் ‘பிறீப்’ என்றே பெயர். சட்டத்தரணிகளின் வழக்குக் கட்டுக்கு ஆங்கிலேயர் வழங்கும் சொல் அது. அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் பிரெண்ட் 1950களின் பிற்பகுதியில் அங்கே விருந்தாளியாக வந்து, ஐந்தாண்டு வரையில் தங்கி, சுவரோவியமும் தீட்டினார். விருந்தாளி ஒருவர் இவ்வளவு காலம் தங்குவதற்கு எங்களூரில் இடம் கொடார்.

ஆனால் 25 ஏக்கர் நிலம் நமக்கேது? நமக்கு அண்மையான பாடம் கொழும்பில் இருக்கிறது. பாகத்தலை வீதியை அடுத்த 33ஆம் ஒழுங்கையிலே ஒரே வரிசையில் நின்ற நான்கு சிறு வீடுகளை, 1958 தொடங்கிப் பத்தாண்டுக் காலத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஜெப்ரி பாவா தமதாக்கிக்கொண்டு இணைத்தார். சில இடங்களிலே கூரையை அகற்றி வானத்தை உள்ளே விட்டார். இரண்டு பாய் விரிக்கும் அளவேயான இடத்தில் ஒரு செடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பழந்தூண். அவ்வளவே முற்றம், எனினும் வீடு முழுவதும் மூச்சு விடுகிறது. அங்குள்ள மரத்தூண்கள் தமிழ்நாட்டுச் செட்டிநாட்டிலிருந்து வந்தவை.

இங்கேதான் என் உள்ளம் சற்றுத் தயங்குகிறது. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலே வட்டித் தொழில் நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டியவர்கள். நம் கொழும்புச் செட்டியார் தெருவிலும் அவர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொணர்ந்து, காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களில் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அச்செல்வத்தின் வேர் அறுந்தது. பங்காளிகள் பெருகினர், வீடுகள் பூட்டிக் கிடந்தன, பின்னர் இடிபட்டன. தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து விடுதிகளுக்கும் செல்வர் மாளிகைகளுக்கும் போயின, இன்றும் போகின்றன. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி மற்றொருவரின் முற்றத்துக்கு அலங்காரமாவது நேரிய செயலா? விறகாகப் போவதைக் காட்டிலும் ஒரு கலைஞன் கையில் சேர்வது நன்று என்பர். நானும் உடன்படுவேன். ஆயினும் வாங்குவோர் பெருகப் பெருக, நிற்கின்ற வீட்டையும் இடிக்கும் ஆசை எழும். தானாக விழுந்த தூணை எடுப்பது வேறு. தூணுக்காக வீட்டை விழுத்துவது வேறு.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் நம் நாட்டிலேயே நடந்தது. பத்திக் கலையிற் புகழ்பெற்ற ஈனா த சில்வா அம்மையாருக்கும் அவர் கணவருக்குமாக, 1960களின் தொடக்கத்தில், கொழும்பு அல்பிரட் பிளேசில் பாவா ஒரு வீடு கட்டினார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிப் பொருள்கள் அரிதாயிருந்த காலம். ஆகவே ஓடு, மரம், கல், சாந்து என்று உள்நாட்டில் கிடைத்தவற்றைக் கொண்டே, பழைய சிங்கள வீடுகளைப் போல நடுமுற்றத்தைச் சுற்றி வீடு எழுந்தது. பிற்காலத்தில் அந்நிலம் கைமாறியது. அப்போது வீட்டை இடித்துத் தள்ளாமல், கற்கள், கதவுகள், தூண்கள் எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டுப் பிரித்தெடுத்து, லுணுகங்கைக்குக் கொண்டுசென்று, பல ஆண்டு உழைப்பின்பின் மீண்டும் கட்டி நிறுத்தினார்கள். எந்தக் கல் எங்கிருந்தது என்பது தெரிந்தே அங்கே கல் வைக்கப்பட்டது.

வட இந்தியாவில் சண்டிகார் நகரை அமைப்பதற்காகப் பல கிராமங்களை இடித்தார்கள். பிரிவினையின்போது ஊரிழந்து வந்த நேக் சந்த் என்னும் வீதிப் பரிசோதகர், 1957 அளவில் தொடங்கி, வேலை முடிந்த பின்னர் மிதிவண்டியில் சென்று, உடைந்த வளையல், பீங்கான் ஓடு, எரிகசடு முதலியவற்றைச் சேகரித்து, அரசின் காட்டு நிலத்திலே மறைவாக ஒரு தோட்டம் அமைத்தார். கண்டுபிடித்த அதிகாரிகள் அதை அழிக்காமல் விட்டதுமல்லாமல், 1976இல் மக்களுக்குத் திறந்தும் வைத்தார்கள். பின்னர் 1990இல் அதன் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது, பொதுமக்கள் கைகோத்து நின்று தடுத்தனர்.

நேயர்களே, இடிபாட்டைப் பற்றி எங்கள் கரையோர மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில வாரங்களின் பின் கடற்கரைப் பக்கம் சென்றபோது, ஒருவர் தம் வீடு நின்ற இடத்தில் குந்தியிருந்து, செங்கற்களிலிருந்து பழஞ்சாந்தைத் தட்டித் தட்டி அகற்றிக்கொண்டிருந்தார். புதுக்கல் உதவியாக வரப்போகிறதே என்றேன். "வரட்டும் சேர். இது நான் சம்பாதித்த கல்" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

வியாபாரிக்கு என்ன விடை சொன்னோம் என்பதை இனிச் சொல்கிறேன். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி, "அது என் உம்மா திறந்த கதவு, விற்பதற்கில்லை" என்றார். வழக்கம் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்ததன் நன்மையை அன்று நேரிற் கண்டேன்.

புதுவீட்டின் முன்னே எஞ்சுவது பதினான்கு அடி அகலமும் முப்பது அடி நீளமுமான நிலம். மணற்பாங்கான மண்ணாதலால் தண்ணீர் நில்லாது. எனவே ஒன்றரை அடி ஆழத்தில் தென்னம் பொச்சுகளைப் புதைத்து, அதன்மேல் எருவும் மண்ணும் இட்டுப் பாத்தி அமைத்தோம். பொச்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாத்திக்கு வரம்பாக நாட்டோடுகளைச் செங்குத்தாக நட்டோம். தூண்களில் இரண்டு கறையான் அரித்தவை. நல்ல இரண்டை, மண்ணிற் படாதவாறு கருங்கல்லின்மேல் நிறுத்தி, மல்லிகை படர விட்டிருக்கிறோம். இரட்டைக் கதவு மதிலின் வாயிலாயிற்று. மழைத் தண்ணீர் கூரையிலிருந்து விழுமிடத்தில் உரல். அதில் சிட்டுகள் குளிக்கின்றன. நுளம்பு பெருகுமாதலால் இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரைக் கவிழ்த்துவிட வேண்டும். மேசன் முதலில் நகைத்தார். பின்பு ஓடு நடும் கோணத்தைத் தாமே திருத்தினார்.

சீன பொம்மையும் சீமெந்து அன்னமும் வாங்கித் தருவதாக உறவினர் ஒருவர் முன்வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கலப்பு என்பது சந்தைக் கடை விரிப்பதன்று. பாவாவின் குன்றில் நின்றது ஒரு சாடி, பத்து அல்ல.

ஆட்டுக்கல் ஒன்றுதான் இன்னும் இடம் பெறவில்லை. அதை நடுமுற்றத்தில் வைத்து, குழியில் தாமரைக் கொடியொன்று இட வேண்டும் என்பது என் எண்ணம். மோட்டார் வண்டி திரும்புவதற்கு இடம் வேண்டும் என்பது மருமகனின் எண்ணம். மகளிடம் கேட்டோம். "வாப்பா, வளவு என்னுடையது, யோசித்துச் சொல்கிறேன்" என்றாள். ஆட்டுக்கல் வாயிற்கதவின் ஓரத்திலே காத்துக் கிடக்கிறது.