இயந்திரத்திடம் மனம் திறந்தவர்கள்

கணிப்பொறியோடு நட்புக் கொண்டிருப்பதாக ஒருவர் சொன்னால், கேட்பவர் சிரிப்பார். அல்லது சொன்னவரின் மனநிலையைச் சந்தேகிப்பார். இந்த ஏளனம் இன்று தோன்றியதன்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1966ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், 'எலிசா' என்னும் புரோகிராம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். தட்டெழுத்துப் பொறியில் நாம் ஒரு வாக்கியத்தை அடித்தால், எலிசா எழுத்திலேயே பதில் தரும். மனநல மருத்துவர் போலப் பேசுவது அதன் வேலை.

அது எவ்வாறு பேசிற்று? நம் வாக்கியத்தில் சில குறிப்பிட்ட சொற்களைத் தேடும். 'அம்மா' என்ற சொல் அகப்பட்டால், குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லும்படி கேட்கும். 'நான்' என்பதை 'நீங்கள்' என்று மாற்றி, நம் வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிவிடும். எதுவும் அகப்படாவிட்டால், "மேலே சொல்லுங்கள்" என்று சமாளிக்கும். சொன்னதன் பொருள் அதற்குச் சிறிதும் விளங்காது.

வைசன்பாமின் பெண் செயலாளர், எலிசா உருவானதைப் பல மாதங்கள் உடனிருந்து பார்த்தவர். அது வெறும் புரோகிராம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயினும், அதனுடன் சில வரிகள் பேசியதும், பேராசிரியரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார்! 1976இல் வெளிவந்த தம் நூலில் இதைக் கூறிய வைசன்பாம், தெளிந்த மனமுடையவர்களையும் இத்தகைய இயந்திரம் மயக்கிவிடும் என்று எச்சரித்தார். அந்தப் பெண்ணின் பெயர் நூலில் இல்லை. ஏமாந்தவருக்கு உதாரணமாகவே அவர் நிலைத்துவிட்டார்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நாட்குறிப்பு எழுதுபவர் கதவைச் சாத்திக்கொள்வது, அந்த நோட்டுக்கு உயிர் உண்டு என்று நம்பியா? இல்லை, வேறு மனிதர் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். செயலாளரின் எண்ணமும் அதுவாக இருந்திருக்கலாம் அல்லவா? உரையாடல்களையெல்லாம் பதிவு செய்து ஆராயலாம் என்று வைசன்பாம் சொன்னபோது, பிறர் அந்தரங்கத்தை வேவு பார்ப்பதா என்ற எதிர்ப்பு எழுந்ததையும் அதே நூல் கூறுகிறது.

2017இல் 'ரெப்ளிகா' என்னும் உரையாடும் துணை வெளிவந்தது. 2023 பிப்ரவரியில், சிறுவர்களுக்கு ஆபத்து என்று கூறி, இத்தாலியின் தனியுரிமைக் காப்பு ஆணையம், தன் நாட்டு மக்களின் தகவல்களைக் கையாள அந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் துணையின் காதல் பேச்சுகளை நிறுவனம் நிறுத்தியது. உற்றவரை இழந்ததுபோல் பலர் துயருற்றனர். 2025இல் அந்த ஆணையம் 50 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது.

எலிசாவின் காலத்தில், மனம் திறந்தவர் அஞ்சியது அறையில் நின்ற ஒரு மனிதருக்கு. இன்றோ, வீட்டாரின் சிரிப்புக்கு அஞ்சி ஒருவர் இரகசியமாகச் சொல்வதெல்லாம் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் போய்ச் சேர்கிறது. அவரை எச்சரிக்க வேண்டியவர்கள் அருகிலிருப்பவர்களே. ஏளனம் செய்தால் அவர்களிடம் அவர் வாய் திறப்பாரா?