இசைவாணையின் விலை: தூத்துக்குடி தாமிர ஆலையும் சுற்றுச்சூழல் மேலாண்மையின் இலாப நட்டமும்

தொழில் நிறுவனங்களில் சுற்றுச்சூழல் மேலாண்மையின் நன்மை தீமைகளை ஆராயும் பாடநூல்கள், ஆகும் செலவை ஒரு பத்தியிலும் மிச்சமாகும் எரிபொருள், குறையும் கழிவு, கிடைக்கும் நற்பெயர் ஆகியவற்றை மறு பத்தியிலும் எழுதிக் கூட்டிக் கழிக்கின்றன. இந்தக் கணக்கு நிறுவனத்தின் பேரேட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அது எவ்வளவு குறையுடையது என்பதற்குத் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் வரலாறே சான்று. மேலாண்மை இலாபமா நட்டமா என்பதை, தவறும் நிறுவனத்திடமிருந்து சட்டம் எதைப் பறிக்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட மூடல் ஆணையை 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆயினும் சுற்றுப்புறத்தை மாசுபடுத்தியதற்கும், ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையைப் புதுப்பிக்காமல் நெடுங்காலம் இயங்கியதற்கும் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. தேய்மானம், வட்டி, வரி கழிக்கும் முன் 2010–11இல் நிறுவனத்தின் தாமிரத் தொழில் ஈட்டியது 1,043 கோடி ரூபாய் என்று அத்தீர்ப்பே குறிக்கிறது. பல ஆண்டு மாசுக்கு, ஓராண்டு ஈட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொகை ஈடாயிற்று. பணத்தை மட்டுமே பார்க்கும் மேலாளர் இதிலிருந்து பெறும் பாடம் கொடியது: தடுப்பதைவிடத் தண்டம் கட்டுவது மலிவு.

ஆலையைச் சுற்றி மரம் வளர்க்க வேண்டிய பசுமை வளையத்திலும் இதே போக்கைக் காணலாம். தொடக்கத்தில் 250 மீட்டர் அகலம் வேண்டும் என்றிருந்த நிபந்தனை, நிறுவனம் கேட்டுக்கொண்டபின் 25 மீட்டராகச் சுருங்கியது. அன்று அது நிலச் செலவில் கண்ட மிச்சம். வாரியமே இசைந்து கொடுத்தது என்பதால் பழியில் வாரியத்துக்கும் பங்குண்டு.

2018இல் கணக்கு புரண்டது. அவ்வாண்டு ஏப்ரலில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்தது. ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது மே 22, 23 நாள்களில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று அரசு ஆலையை மூடியது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் அம்மூடலை உறுதிசெய்தன. வாரியம் மறுத்ததற்குச் சொன்ன காரணங்களை ஊன்றிப் படிக்க வேண்டும்: நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளைத் தரவில்லை, உப்பாற்றை ஒட்டிய தனியார் நிலம் உள்ளிட்ட இடங்களில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை, அபாயகரக் கழிவைக் கையாளும் அனுமதி பெறவில்லை, ஜிப்சம் குட்டையை அமைக்கவில்லை. கசடு அபாயகரமானதன்று என்று நிறுவனம் வாதாடியது. அதை ஏற்றாலும், கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை தருவதற்கு எந்த அரிய தொழில்நுட்பமும் தேவையில்லை. ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் உருக்கும் திறன் கொண்டிருந்த ஆலைக்கு அது பொருட்டான செலவே அல்ல. உரிய காலத்தில் அளந்து வெளியிட்டிருந்தால், அந்த எண்களே நிறுவனத்தின் முதல் தற்காப்பாக இருந்திருக்கும்.

மேலாண்மைக்கு எதிரான வாதங்களில் இரண்டை நான் ஏற்கிறேன். 1996இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14001 போன்ற தரம் நிர்வாக முறைக்குச் சான்று தருகிறதே ஒழிய, புகைபோக்கி வழியே எவ்வளவு கந்தக டை ஆக்சைடு வெளியேறலாம் என்று வரம்பிடுவதில்லை. கோப்பு ஒழுங்காக இருந்தால் காற்றும் ஒழுங்காக இருக்கும் என்ற மயக்கத்தை அது உண்டாக்கிவிடும். மற்றொன்று சிறு தொழிலின் சுமை. மீன் பதப்படுத்தும் ஒரு சிறு கூடம் தனக்கென்று தனிச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது. அதற்குத் திருப்பூர் ஒரு வழி காட்டியது. 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை வெளிவிடாத முறை அங்கே நிலைபெற்றது. அங்கும் மனத்தை மாற்றியது அபராதம் அன்று, தொழிலே நின்றுவிடும் என்ற நிலைதான்.

மூடலின் சுமை, முடிவெடுத்தவர்களைவிட ஒப்பந்தத் தொழிலாளர்மீதும் லாரி ஓட்டுநர்கள்மீதும் அதிகமாக விழுந்தது. தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதிக்கு மாறியது. ஆலை வேண்டும் என்போர் இதைச் சொல்வது நியாயமே. ஆனால் இந்த இழப்பு மேலாண்மையால் வந்ததன்று. மேலாண்மை இல்லாததால் வந்தது.

ஆகவே சீர்திருத்தம் இசைவாணையிலிருந்தே தொடங்க வேண்டும். கிணற்றுநீர், காற்று அளவீடுகளை வாரியத்துக்கு அனுப்பினால் மட்டும் போதாது. சுற்றியுள்ள ஊராட்சி அலுவலகங்களில் தமிழில் ஒட்டவும் வேண்டும்.  ஆர்செனிக் அளவைப் படித்துப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கக்கூடிய தலைமுறைகள் இங்கே உண்டு. அறிக்கை ஒட்டப்படாத காலாண்டுக்கு, தண்டம் விதிப்பதற்கு மாறாக, இசைவாணையே செயலிழக்கும் என்று விதியில் எழுத வேண்டும்.